துரைசாணி ஆட்டம்

கையிலிருந்த கட்டின் கடைசி மூன்று சீட்டுகளைப் புரட்டிப் போட்டதும் டீமேக்கரய்யா ஒரு மூச்சு விடுவார். சத்தம் வராத மூச்சு. அதன்பின் பலகையில் கிடக்கும் வரிசைகளை ஒருதரம் இடமிருந்து வலமாகவும் ஒருதரம் வலமிருந்து இடமாகவும் பார்ப்பார். எடுத்து வைக்க எதுவும் மிச்சமில்லை என்று உறுதியானதும், "இன்னைக்கும் இல்ல தம்பி" என்று சொல்லிச் சீட்டுகளை ஒன்றுசேர்ப்பார். இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், ஐம்பதுகளின் நடுவிலிருந்து அறுபதுகளின் தொடக்கம் வரை, மழை பெய்த மாலையிலும் பெய்யாத மாலையிலும் நான் கேட்ட வாசகம் அது.

அங்கே தேயிலைத் தொழிற்சாலையைப் பொறுப்பாக நடத்திவந்த அவருக்கு நான் உதவியாளனாகப் போனவன். தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் வீட்டின் முன்னறையை எனக்குக் கொடுத்தார். உள்ளறைகளில் அவர் தனியாக இருந்தார். அட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த என் வாப்பா சீட்டுக்கட்டை வீட்டு வாசற்படி ஏறவிடாதவர். ஆகையால் எனக்கு ஆட்டினும் தெரியாது, இஸ்பேட்டும் தெரியாது. கன்னம் ஒட்டிய, நரை தொடங்காத, முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட ஒரு மனிதர் தேயிலைப் பெட்டி மூடியை மடிமேல் வைத்துக்கொண்டு தனக்குத்தானே சீட்டுப் போடுவதை விவரம் தெரியாமல் பார்ப்பவர், புத்தி பேதலித்தவரோ என்றுகூட நினைத்திருப்பார். தொழிற்சாலையில் அவரைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். அரைத்த கொழுந்தை ஒரு பிடி எடுத்து முகர்ந்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கெடக்கட்டும்" என்று அவர் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

அவர் கதையை நான் துண்டு துண்டாகத்தான் அறிந்தேன். இங்கே வரிசைப்படுத்தியே சொல்கிறேன்.

அவர் இதே மலையில் பிறந்தவர். அவருடைய அப்பா இங்கே கங்காணியாக இருந்து, இங்கேயே புதைக்கப்பட்டவர். பெண் எடுத்தது மட்டும் இந்தியாவில், துறையூர்ப் பக்கத்தில், சொந்தத்தில். மனைவி தலைப்பிள்ளை உண்டானபோது, ஊர் வழக்கப்படி பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்தார். தலைப்பிரசவத்தைப் புருஷன் வீட்டில் வைத்துக்கொண்டால் நாலுபேர் என்ன சொல்வார்கள்? வளைகாப்பு முடிந்து, தலவாக்கலை ரயில் நிலையத்தில் ஏற்றிவிட்டார். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. பிறந்த பெண் குழந்தைக்கு வயிற்றுக் கோளாறு. ஒருமாதம் தள்ளிப்போனது, பிறகு இன்னொரு மாதம். அதற்குள் அவள் திரும்பிவரக் கொடுத்திருந்த அனுமதியின் காலம் முடிந்துவிட்டது. புது அனுமதி கேட்டார், மறுத்துவிட்டார்கள்.

இவரோ அந்த நேரம் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுக் காத்திருந்தார். இங்கே பிறந்தவராக இருந்தும், மனுப் போட்டுத்தான் இந்நாட்டுக்காரர் ஆக வேண்டியிருந்தது. அது கிடைத்தால் மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ள ஒரு வழி பிறக்கும். கிடைப்பதற்குள் இவர் கடல் கடந்தால் மனு செத்துவிடும். திரும்பவும் வர முடியாது. அப்படிப் போனால் அங்கே தேயிலை கிடையாது. தெரிந்த ஒரே தொழிலை இந்தக் கரையில் போட்டுவிட்டு, மாமனார் வீட்டில் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டும். போனால் இது போகும். இருந்தால் அவர்கள் அங்கேயே இருப்பார்கள். எந்தக் கச்சேரியில், எந்த அரசாங்க அலுவலகத்தில் கேட்டாலும் மனு விசாரணையில் இருக்கிறது என்ற ஒரே பதில்தான்.

முதலில் அவர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்திருக்கிறார். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் மடித்து அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் போ, சிவப்பு வந்தால் இரு. முதல் தடவை வெள்ளை வந்தது. பயந்துபோய், சரியாக வேண்டிக்கொள்ளவில்லை என்று மறுவாரம் மீண்டும் கேட்டார். சிவப்பு வந்தது. மூன்றாம் முறை போனபோது பூசாரி இலையைத் தொடவில்லை. "ஒரே கேள்விய அம்மாகிட்ட எத்தன தடவ கேப்பீங்க? இப்பிடிக் கேட்டா அவளுக்குக் கோவம் வருமுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த நிலையில்தான் பங்களா அப்பு சீட்டுக்கட்டோடு வந்தார். பெரிய துரையின் பங்களாவில் சமையலும் பரிமாறலும் அவருடைய வேலை. வாரந்தோறும் பங்களாவுக்கென்று தனியாக எடுத்துவைக்கும் தேயிலையை வாங்கிப்போகத் தொழிற்சாலைக்கு வருவார். டீமேக்கரய்யா கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மனம் இளகி, துரைசாணி பழசென்று ஒதுக்கிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"துரைசாணியம்மா தெனம் சாயங்காலம் இத போட்டுப் பாக்குறாங்க ஐயா. தனியாத்தான். யாருகூடயும் இல்ல. கூடிருச்சின்னா மொகமே மாறிடும். கூடலைன்னா ராத்திரி சூப்ப தொடமாட்டாங்க. அவங்க தம்பி கப்பல்ல போனவரு. அவர நெனச்சித்தான் பாக்குறாங்கன்னு நெனைக்கிறேன்."

"வெள்ளக்காரங்களும் குறி பாப்பாங்களாப்பா?" என்றார் டீமேக்கரய்யா.

"மனுசன்னா பாக்கத்தானே செய்வாங்க?"

அந்தப் பதிலில் எங்கள் மூவருக்குமே தவறேதும் தெரியவில்லை. இந்தச் சீட்டு, ஒரே கேள்வியைத் தினமும் கேட்டாலும் கோபிக்காது என்பது மட்டும் டீமேக்கரய்யாவுக்கு விளங்கியது. ஆட்டம் கூடினால் புறப்படு, கூடாவிட்டால் இரு என்று வைத்துக்கொண்டார்.

கற்றுக்கொள்வது சுலபமாக இருக்கவில்லை. ஏழு வரிசை, முதலாவதில் ஒரு சீட்டு, இரண்டாவதில் இரண்டு, இப்படியே ஏழாவதில் ஏழு. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிச் சீட்டு மட்டும் முகம் காட்டும். மற்றவை கவிழ்ந்து கிடக்கும். சிவப்பின்மேல் கறுப்பும் கறுப்பின்மேல் சிவப்புமாக, எண் ஒவ்வொன்றாய் இறங்கும்படி அடுக்க வேண்டும். ஆஸ் வெளிப்பட்டால் மேலே தனியாக வைத்து, அதே இனத்தில் இரண்டு, மூன்று என்று ராஜா வரை ஏற்ற வேண்டும். நான்கு இனமும் ராஜா வரை ஏறிவிட்டால் ஆட்டம் கூடியது. வரிசைகளில் போடாத மிச்சக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மூன்றாகப் புரட்ட வேண்டும். மூன்றில் மேலே இருப்பதைத்தான் எடுக்கலாம். அதை எடுத்தால் அடியில் உள்ளது. எடுக்க முடியாவிட்டால் மூன்றும் போனதுதான். கட்டு தீர்ந்ததும் ஆட்டமும் தீர்ந்தது.

அப்பு வாரம் ஒருமுறை வந்து பிழை திருத்துவார். அவரும் இதை யாரிடமும் படித்தவரல்ல. பார்த்துப் பார்த்துச் சேர்த்துவைத்தவர். "ஐயா, ராணி மேல ராணிய வைக்கிறீங்க. ரெண்டு பொண்டாட்டிக்காரன் வீடு மாதிரி ஆயிரும்" என்று சிரிப்பார். டீமேக்கரய்யா சிரிக்கமாட்டார். சீட்டை எடுத்து, மலைப் பனியில் ஈரம் ஊறி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிரித்து, சரியான இடத்தில் வைப்பார். ஈரம் அதிகமான நாட்களில் கட்டைத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய் டிரையர் வாயில் சற்றுநேரம் காயவைத்து வருவார். அதனால் அந்தச் சீட்டுகளில் எப்போதும் புதுத் தேயிலையின் வாசனை இருந்தது.

மழைக்காலம் ஒன்று முழுவதும் பிழைகளிலேயே கழிந்தது. அதன்பின் கை பழகிவிட்டது. எந்த வரிசையை முதலில் உடைக்க வேண்டும், எந்த ராஜாவுக்கு இடம் காலி செய்ய வேண்டும், வைக்கக்கூடிய சீட்டையும் வைக்காமல் எப்போது பொறுத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு வந்துவிட்டன. ஆட்டம் மட்டும் கூடவில்லை. வழியில் போன கணக்கப்பிள்ளை ஒருநாள் ஜன்னலில் எட்டிப்பார்த்து, "என்ன டீமேக்கரய்யா, எதிராளி கெடைக்கலியா? நானாச்சும் ஒரு கை ஒக்காரவா?" என்று கேட்டார். "எதிராளி இருக்காருங்க. கண்ணுக்குத்தான் தெரியமாட்டேங்குறாரு" என்று இவர் தலைநிமிராமல் பதில் சொன்னார்.

ஊரிலிருந்து கடிதங்கள் வரும். பிள்ளை தவழ்கிறாள், நடக்கிறாள், பேசுகிறாள். பக்கத்து வீட்டுக்காரரை அப்பா என்று கூப்பிட்டுவிட்டாள், எல்லோரும் சிரித்தார்கள் என்று ஒருமுறை வந்தது. அதை எனக்குப் படித்துக்காட்டிய டீமேக்கரய்யாவும் சிரிக்கப் பார்த்தார். அன்று மாலை அவர் ஆட்டத்தைத் தொடங்கவே வெகுநேரம் ஆயிற்று. கட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தார். நன்றாகக் கலைந்துவிட்டது ஐயா என்று நான் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் கலையட்டும் தம்பி" என்றார்.

ஒருமுறை கிட்டத்தில் வந்தது. மூன்று இனம் ஏறிவிட்டது. இஸ்பேட் மட்டும் இரண்டோடு நின்றது. மூன்று இஸ்பேட், புரட்டிப் போட்ட குவியலில், இரண்டு சீட்டுகளுக்கு அடியில் ஓரம் தெரியக் கிடந்தது. கையிலிருந்த கட்டு தீர்ந்துவிட்டது. அவர் அந்த ஓரத்தை விரலால் தொட்டுக்காட்டினார். "இங்கதான் கெடக்குது தம்பி. நான் கண்ணால பாக்குறேன். எடுக்க முடியல." நான் எடுத்துவிடுங்கள் ஐயா, யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "கேக்குறது நானு. பதிலயும் நானே சொல்லிக்கிட்டா அது என்ன கேள்வி?" என்றார். அதன்பின் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

இப்படியே ஐந்தாறு வருடங்கள் போயின. அவர் கன்னத்தில் நரை இறங்கியது. கடிதங்களின் இடைவெளி நீண்டது. வந்தவற்றிலும் எப்போது வருகிறீர்கள் என்ற வரி இல்லாமற் போயிற்று. அந்த வரி இல்லை என்பதை அவர்தான் என்னிடம் சொன்னார்.

ஒருநாள் டிரையர் பழுதாகி, கொழும்பிலிருந்து உதிரிப்பாகம் வரவழைப்பது பற்றித் துரையிடம் கேட்டுவர என்னைப் பங்களாவுக்கு அனுப்பினார்கள். துரை தொலைபேசியில் இருந்தார். விறாந்தையில் காத்திருக்கச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் துரைசாணி மேசையில் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக நாங்கள் பேசிய ஆட்டத்தை அதன் சொந்த இடத்தில் அன்றுதான் பார்த்தேன். அதே ஏழு வரிசை, அதே மூன்று மூன்று சீட்டு. கட்டு தீர்ந்தது. எனக்குள் அந்தச் சத்தமில்லாத மூச்சுகூட வந்துவிட்டது. துரைசாணியோ புரட்டிப் போட்ட குவியலை அப்படியே அள்ளி, கவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து மூன்று மூன்றாகப் புரட்டத் தொடங்கினார்.

கள்ளாட்டம் ஆடுகிறார் என்றுதான் நினைத்தேன். தலையை நிமிர்த்தி என்னைக் கண்டவர், ஆடத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கட்டு தீர்ந்த பிறகு மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன். எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம், இல்லாவிட்டால் இது யாருக்குக் கூடும் என்று சிரித்தார். கூடினால் நல்லது நடக்குமா என்றும் கேட்டுவிட்டேன். அவருக்கு என் கேள்வி புரியவில்லை. சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பொழுதுபோக வேண்டாமா என்றார்.

மறுநாள் காலை, கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, நான் பார்த்ததை டீமேக்கரய்யாவிடம் சொன்னேன். பொழுதுபோக்கு என்று துரைசாணி சொன்னதையும் மறைக்கவில்லை. அது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"எத்தன தடவ வேணும்னாலுமா?"

"ஆமாங்க ஐயா."

"நல்லாப் பாத்தீங்களா தம்பி?"

"கேட்டேன் ஐயா. அவங்க வாயாலயே சொன்னாங்க."

அவர் சல்லடைப் பக்கம் போய்விட்டார்.

அன்று மாலை முதல் புதிய முறைப்படி ஆடினார். அந்த வாரக் கடைசியில், பகல் வெளிச்சம் இருக்கும்போதே, கட்டை நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ திருப்பியபோது சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. நான்கு குவியல்களின் மேலும் நான்கு ராஜாக்கள் வந்து உட்கார்ந்தார்கள். பலகை காலியாக இருந்தது. அது காலியாகி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அப்ப இத்தன வருசமும் போகச் சொல்லித்தான் இருந்திருக்கு" என்றார்.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தார். பயண ஏற்பாடுகளும் முடிந்தன. புறப்படச் சில நாட்கள் இருக்கும்போது, அத்தனை வருடம் வாய்திறக்காத இடத்திலிருந்து அழைப்பு வந்தது. அவருடைய பிரஜாவுரிமை மனு விசாரணைக்கு எடுக்கப்படுகிறது. நுவரெலியாவுக்கு நேரில் வர வேண்டும். விசாரணை நாள் அவர் கப்பலேறும் நாளுக்குப் பிறகு.

பயணத்தைத் தள்ளிப்போடலாம் ஐயா, இன்னொருதரம் போட்டுப் பாருங்கள் என்று நானே கட்டை எடுத்து நீட்டினேன். சீட்டையே நம்பாத நான். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"கேட்டுக் கேட்டுத்தானே தம்பி புள்ள வளந்திருச்சு" என்றார். பிறகு, "ஒரு ஒதவி பண்ணுங்க. அன்னைக்கி நுவரெலியாவுக்குப் போயி சும்மா நின்னு பாருங்க. என்ன நடக்குதுன்னு எனக்கு எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டார்.

தலவாக்கலை ரயில் நிலையத்துக்கு அப்புவும் வந்திருந்தார். கட்டைத் திருப்பிப் போடலாம் என்ற செய்தி அதற்குள் அவருக்கும் எட்டியிருந்தது. டீமேக்கரய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பங்களாவுல தேத்தண்ணி ஊத்திக் குடுத்துட்டு நான் நிக்கப்படாதுங்க ஐயா. ஒடனே வெளிய வந்துரணும். மணியடிச்சாத்தான் மறுபடி உள்ள போவலாம். போறப்ப சீட்டெல்லாம் எடுத்து வச்சிருப்பாங்க. கட்டு தீர்றது வரைக்கும்தான் நான் பாத்தேன். அதோட முடிஞ்சதுன்னு நெனச்சிட்டேனே. ஒங்க குடும்பத்த நாசமாக்கிட்டேனே."

"நீ பாத்தத சொன்ன. பாக்காதத எப்படிப்பா சொல்லுவ? அழுவாத. அங்க போயி நல்ல தேத்தண்ணி கெடைக்காம நான்தான் அழுவணும்" என்று அவர் அப்புவின் தோளைத் தட்டினார். ரயில் வந்தது. ஒரு தகரப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளும். தலைமன்னாருக்குப் போகிற இன்னும் பல குடும்பங்கள் அந்த ரயிலில் இருந்தன. அவருக்கு உட்கார இடம் கிடைத்ததா என்பதை நாங்கள் பார்ப்பதற்குள் வண்டி வளைவில் திரும்பிவிட்டது.

விசாரணை நாளன்று நான் லீவு எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனேன். நீண்ட நடையில் இருபுறமும் ஆட்கள் குந்தியிருந்தார்கள். அவரவர் பிறந்த சாட்சி, இருந்த சாட்சி என்று பழைய காகிதங்களைத் துணிப்பையில் வைத்து மடியோடு அணைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். பிறகு அவர் பெயர். தகப்பன் பெயரோடு, தோட்டத்தின் பெயரோடு, முழுதாக. அத்தனை வருடம் ஐயா என்றே அழைத்திருந்த எனக்கு அதை அப்படிக் கேட்டது புதிதாக இருந்தது. பியோன் கதவடியில் நின்று ஒருமுறை கூப்பிட்டார். நடையின் நடுவுக்கு வந்து இரண்டாம் முறை கூப்பிட்டார். வெளிவாசலுக்குப் போய், மழையைப் பார்த்து, மூன்றாம் முறை கூப்பிட்டார். நான் எழுந்து அவர் ஊருக்குப் போய்விட்டார் என்று சொன்னேன். எந்த ஊருக்கு என்று பியோன் சிங்களத்தில் கேட்டார். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் அன்று வந்திருந்தால் கொடுத்திருப்பார்களா, மறுத்திருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலானோர் வெறுங்கையோடுதான் வெளியே வந்தார்கள்.

நடந்ததை நடந்தபடி அவருக்கு எழுதினேன். வெகுநாள் கழித்து ஒரு தபாலட்டையில் பதில் வந்தது. எண்ணெய் ஆலை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவி சுகம். பிள்ளை இவர் இருக்கும் அறைக்குள் வருவதில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள். அப்புவைக் கேட்டதாகச் சொல்லவும். கடைசியில், இடம் போதாமல் நெருக்கி எழுதிய ஒரு வரி:

'மூன்று முறை கூப்பிட்டதாக எழுதியிருந்தீர்கள் தம்பி. சத்தமாகக் கூப்பிட்டார்களா?'

இப்போது எனக்கு அவருடைய அந்த நாள் வயதைவிடக் கூடுதல் வயதாகிவிட்டது. தொழிற்சாலையில் எனக்குக் கீழே இருவர் வேலை செய்கிறார்கள். அவர் இருந்த உள்ளறைகளில் என் மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது நான்கு பேர் நான்கு பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்காது. நான் உடனே பதில் சொல்லிவிடுவேன். அந்தத் தபாலட்டைக்கும் அன்றே பதில் எழுதினேன். சத்தமாகத்தான் கூப்பிட்டார்கள் ஐயா, மலை முழுக்கக் கேட்டிருக்கும் என்று.